முடிவில்லாத கேம்பெய்ன்: எந்த விதி தாங்கும், எது எங்கே உடையும்?

மழைக்கோட்டை

ஐந்து பிளேயர், ஒரு டிஎம் (கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவர்). இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, மூன்று மணி நேரம். மேஜையில் பகடை உருட்டிப் பாத்திரமாக ஆடும் விளையாட்டு, அதில் நீண்டு ஓடும் ஒரே கதைத் தொடர், அதாவது கேம்பெய்ன்: ஒரே உலகம், ஒரே ஊர், பத்து வருடமானாலும் ஓடவேண்டும். கையில் இருப்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி&டி ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்த மூன்று புத்தகங்கள். வேறு விதி வாங்கவும் தயக்கமில்லை. "பிடித்ததை ஆடுங்க" என்ற பதில் மட்டும் வேண்டாம். எது, எந்தக் கட்டத்தில், என்ன காரணத்தால் உடைகிறது என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள்.

கணக்கன்

விதிக்கு முன்னால் வருகைக் கணக்கைப் பார்த்துவிடலாம். பெரும்பாலான கேம்பெய்ன் சாவது அங்கேதான், டிராகன் கையில் அல்ல.

ஒவ்வொரு பிளேயரும் 85% செஷனுக்கு வருகிறார் என்று வையுங்கள். அது நல்ல வருகைதான். ஆனால் ஐந்து பேரும் ஒரே நாளில் வர 0.85ஐ ஐந்து முறை பெருக்கவேண்டும்: 44%. "ஒருத்தர் இல்லையென்றால் தள்ளிப் போடுவோம்" என்று வைத்தால் பாதிக்கு மேல் ரத்து. நான்கு பேர் போதும் என்றால் 84%, மூன்று பேர் போதும் என்றால் 97%. ஆகவே முதல் நாளே குறைந்தபட்சம் மூன்று பேர் என்று எழுதி வையுங்கள். தீபாவளி, பொங்கல் வாரத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது, அப்போது ஐந்து பேரும் சேர்ந்தே காணாமல் போவார்கள்.

மூன்று பேரோடு ஆடும்போது சண்டையை அப்படியே விடக்கூடாது. டிஎம் புத்தகம் சண்டையின் கடினத்தை எக்ஸ்பியில் (அனுபவப் புள்ளி) அளக்கிறது. ஐந்தாம் லெவல் ஆள் ஒருவருக்கு எல்லைகள்: மீடியம் 500, ஹார்டு 750, டெட்லி 1,100. ஓகர் என்ற அரக்கன் ஒன்றுக்கு 450 எக்ஸ்பி. நான்கு ஓகர் 1,800, மூன்று முதல் ஆறு எதிரிகளுக்குப் பெருக்கி 2, ஆக 3,600. ஐந்து பேருக்கு ஹார்டு 3,750இல் தொடங்குவதால் இது மீடியம். மூன்று பேருக்கு டெட்லி எல்லையே 3,300, அதையும் தாண்டிவிட்டது. ஒரு ஓகரைக் கழித்தால் 2,700, ஹார்டு. இன்னொன்றையும் கழித்தால் பெருக்கி 1.5 ஆகி 1,350, அதாவது மீடியத்துக்கும் கீழே. ஒரே ஓகர் வித்தியாசத்தில் ஹார்டிலிருந்து ஈஸிக்கு விழுகிறது. அதனால் எதிரிக் கூட்டத்தை எழுதும்போதே "5 பேர்: 4, 4 பேர்: 3, 3 பேர்: 3, ஒன்று காயம்பட்டது" என்று மூன்று வடிவமாக எழுதிக்கொண்டால் மேஜையில் கணக்குப் போட வேண்டியதில்லை.

இனி லெவல் வேகம். டிஎம் புத்தகம் சொல்லும் செஷன் வழி: முதல் செஷனில் லெவல் 2, அடுத்ததில் 3, இன்னும் இரண்டில் 4, அதன்பின் ஒரு லெவலுக்கு இரண்டு அல்லது மூன்று செஷன். கூட்டினால் 20ஆம் லெவல் 36 முதல் 52 செஷனுக்குள் வந்துவிடும். உங்களுக்கு வருடத்துக்கு 26 செஷன். அதாவது ஒன்றரை, இரண்டு வருடத்தில் உச்சி. பத்து வருடத் திட்டத்துக்கு இது முதல் முட்டு.

சும்மாஉருட்டு

ரூல்ஸெல்லாம் ரெண்டாம்பட்சம் ப்ரோ. கனடாவுல ராபர்ட் வார்ட்ஹோன்னு ஒரு வரலாற்றுப் பேராசிரியர், 1982ல ஆரம்பிச்ச டி&டி கேம்பெய்னை நாப்பது வருஷத்துக்கு மேல ஓட்டியிருக்காரு. டிஎம் நல்லா இருந்தா எந்த ரூல்லயும் ஓடும்.

பாதாளவிளக்கு

ஓடும். அந்த நாற்பது வருடத்தில் டிஎம் விதியைத் தொடவே இல்லை என்று அர்த்தமில்லை. நீண்ட கேம்பெய்ன் நடத்துகிற யாரும் விதியை வெட்டி ஒட்டாமல் இருப்பதில்லை. எங்கே வெட்டுவது என்பதுதான் இங்கே கேள்வி.

ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வகை ஆட்டம் செத்துப்போகிறது. வரிசையாகவே சொல்லலாம்.

லெவல் 1: குட்பெர்ரி மந்திரம். ஒரு முறை போட்டால் பத்துப் பழம், ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. குழுவில் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) இருந்தால் உணவுக் கணக்கு முதல் நாளே முடிந்தது. பட்டினிப் பயணம் வேண்டுமென்றால் அதற்கு வேண்டிய மிஸ்ல்டோ தழை மந்திரம் போடும்போதெல்லாம் தீர்ந்துபோகும் என்று விதி வையுங்கள். புத்தகப்படி அது தீராது.

லெவல் 5: டைனி ஹட், மந்திரக் கூடாரம். 10 அடி ஆரமுள்ள அரைக்கோளம், 8 மணி நேரம், ரிச்சுவலாக, அதாவது மெதுவான சடங்காகப் போட்டால் ஸ்லாட்டும் (மந்திரம் போடும் ஒதுக்கீடு) செலவில்லை. காட்டில் இரவுக் காவல் என்ற விஷயமே போய்விடும். இதைத் தடை செய்யாதீர்கள், எதிரிக்கு மூளை கொடுங்கள். குழு எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிக் குழி வெட்டவும் ஆள் கூட்டவும் தாராளமான நேரம்.

அதே லெவல் 5இல் செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபை: இறந்து ஒரு நிமிடத்துக்குள், 300 தங்க மதிப்புள்ள வைரம். லெவல் 9இல் ரெய்ஸ் டெட்: பத்து நாளுக்குள், 500 தங்க வைரம். இரண்டிலும் வைரம் தீர்ந்துவிடும். மரணத்துக்கு எடை வேண்டுமென்றால் மந்திரத்தை விட்டுவிட்டு வைரச் சந்தையைப் பிடியுங்கள். ஊரில் மாதத்துக்கு இரண்டு வைரம்தான் வரும், யாரிடம் வரும், அவருக்கு யார் கடன்பட்டவர் என்று எழுதிவிட்டால் அதுவே ஆறு மாத ஆட்டம்.

லெவல் 9இல் இன்னொன்று, டெலிபோர்ட்டேஷன் சர்க்கிள், தூர இடத்துக்கு நொடியில் போகும் மந்திர வட்டம். ஏற்கெனவே உள்ள வட்டத்தின் குறி வரிசை தெரிந்தால்தான் அங்கே போகமுடியும். புதிய நிரந்தர வட்டம் வேண்டுமானால் ஒரே இடத்தில் ஒரு வருடம் தினமும் போடவேண்டும். ஆகவே குறி வரிசைகளைப் புதையல் போலக் கொடுங்கள். லெவல் 13இல் டெலிபோர்ட் வந்துவிட்டால் வரைபடத்துக்கு வேலை குறைவு. பயணம், சாப்பாடு, தூரம் இவற்றை நம்பி எழுதிய உலகம் 9க்கும் 13க்கும் நடுவில் கழன்றுவிடும்.

கணக்கன்

இதோடு ஒரு அட்டவணை விநோதமும் உண்டு. லெவல் 10இலிருந்து 11க்குப் போக 21,000 எக்ஸ்பி. 11இலிருந்து 12க்கு 15,000தான். எக்ஸ்பி எண்ணி ஆடினாலும் 11க்குப் பிறகு வேகம் கூடும், குறையாது. எக்ஸ்பி வைத்தால் மெதுவாகும் என்று நம்பி இறங்கவேண்டாம்.

மழைக்கோட்டை

> 9க்கும் 13க்கும் நடுவில் கழன்றுவிடும்

அப்படியானால் லெவலுக்கு மூடி போடலாமா? 8இல் நிறுத்தினால்? மூன்று மணி நேரத்தில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு சண்டைதான் வருகிறது, அதற்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

பாதாளவிளக்கு

மூடி போடும் வழக்கம் பழையது. 3.5 பதிப்பு நாட்களில் இ6 என்று ஒரு வீட்டு விதி பரவியது. ஆறாம் லெவலோடு நிறுத்து, அதன்பின் 5,000 எக்ஸ்பிக்கு ஒரு ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்). எச்பியும் (உயிர்ப்புள்ளி) மந்திர மட்டமும் அங்கேயே நிற்கும், ஆள் அகலமாக வளர்வார், உயரமாக அல்ல. ஐந்தாம் பதிப்பில் ஃபீட் ஒவ்வொன்றும் கனமானது, அதனால் அதே வேகத்தில் கொடுத்தால் கெட்டுப்போகும். 8இல் மூடி போட்டு, அதன்பின் கருவித் திறமை, மொழி, ஒரு ஸ்கில் போன்ற சின்னவற்றை அடிக்கடியும் ஃபீட்டை எப்போதாவதும் கொடுங்கள். 8 நல்ல இடம், ஏனென்றால் 9இல்தான் ஐந்தாம் மட்ட மந்திரம் திறக்கிறது.

சண்டை எண்ணிக்கை. விதி கணக்கிட்டிருப்பது, சக்தியெல்லாம் திரும்பும் ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆறு முதல் எட்டு மீடியம், ஹார்டு சண்டை. நீங்கள் ஒன்றுதான் வைக்கிறீர்கள். விளைவு: விஸார்டு, பேலடின் வகுப்பு ஆட்கள் எல்லா ஸ்லாட்டையும் அந்த ஒரே சண்டையில் கொட்டுவார்கள். குறு ஓய்வை நம்பும் வார்லாக், மங்க், ஃபைட்டர் மூவரும் பின்தங்குவார்கள். டிஎம் எதிரியைப் பெரிதாக்குவார், அடுத்த சண்டையும் ஒன்றரை மணி நேரம் இழுக்கும். சுழல் இது.

டிஎம் புத்தகத்திலேயே மாற்று விதி இருக்கிறது: குறு ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள். இரண்டு வாரத்துக்கு ஒரு செஷன் என்றால் இது பொருந்தும், நான்கைந்து செஷன் சேர்ந்து ஒரு "நாள்" ஆகிறது. இரண்டு பக்க விளைவு உண்டு. மேஜ் ஆர்மர் போல 8 மணி நேரம் நிற்கும் மந்திரங்கள் முன்பு நாள் முழுக்க வரும், இப்போது வாரத்தில் ஒரு சின்னத் துண்டுக்குத்தான். விடியலில் சக்தி திரும்பும் கோல், மோதிரம் எல்லாம் ஏழு மடங்கு பலமாகிவிடும். முதலாவதற்குக் கால அளவைக் கூட்டுங்கள். இரண்டாவதற்கு "விடியல்" என்ற இடத்தில் "நீண்ட ஓய்வு" என்று திருத்துங்கள். பலர் ஓய்வை மட்டும் மாற்றிவிட்டு இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள், பிறகு மாற்று விதி சரியில்லை என்கிறார்கள்.

லாந்தர்ஒன்று

இவ்வளவு ஒட்டுப்போடுவதற்கு 1981இல் வந்த பழைய டி&டி பேசிக், எக்ஸ்பர்ட் விதியை எடுத்தால் என்ன? மோல்ட்வே தொகுத்தது பேசிக், குக், மார்ஷ் தொகுத்தது எக்ஸ்பர்ட். இப்போது ஓல்ட்ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் அதே விதி சுத்தமான அமைப்பில் கிடைக்கிறது. மெதுவான வளர்ச்சி அதன் எலும்பிலேயே இருக்கிறது.

அங்கே எக்ஸ்பியில் பெரும்பங்கு புதையலிலிருந்து வரும், 1 தங்கம் 1 எக்ஸ்பி. நான்காம் லெவல் ஃபைட்டர் 8,000இல் இருக்கிறார், ஐந்தாவதுக்கு 16,000. ஐந்து ஃபைட்டரை ஒரு லெவல் ஏற்றக் கிட்டத்தட்ட 40,000 தங்கம். பத்து நாணயம் ஒரு பவுண்டு, ஒரு ஆள் அதிகபட்சம் 1,600 நாணய எடை சுமக்கலாம். 40,000 என்பது இருபத்தைந்து ஆள் சுமை. கோவேறு கழுதை, கூலியாள், காவல், திரும்பும் வழியில் கொள்ளைக்காரன், ஊருக்குள் வந்ததும் வரி கேட்கும் பிரபு. கதை எழுத உட்காரவே வேண்டாம், எடையே கதையை இழுத்து வரும். ரத்தினமாகக் கொடுத்து எடையைக் குறைத்துவிடும் டிஎம்கள் இந்த ஆட்டத்தைத் தாங்களே தூக்கி எறிகிறார்கள்.

பாதாளத்துக்குள் நேரம் 10 நிமிட டர்ன். ஒரு தாளில் வரிசைக்கு ஆறு கட்டம் போடுங்கள். ஒரு வரிசை ஒரு மணி நேரம். இரண்டாவது, நான்காவது, ஆறாவது கட்டத்தில் வட்டம்: அங்கே டி6, அதாவது ஆறுமுகப் பகடை, ஒன்று விழுந்தால் அலையும் எதிரி. ஆறாவதில் டார்ச் அணையும். ஒவ்வொரு ஐந்து டர்னுக்கும் ஒரு டர்ன் ஓய்வு, அதையும் அந்த ஆறாவது கட்டத்திலேயே வைத்துக்கொள்ளலாம். லாந்தர் என்றால் ஒரு எண்ணெய்க்குப்பிக்கு நான்கு வரிசை. ஒரு மணி நேரத்தில் எதிரி வரும் வாய்ப்பு 42%, நான்கு மணி நேரத்தில் 89%. பிளேயர் கண்ணில் படும்படி அந்தத் தாளை மேஜை நடுவில் வையுங்கள், "சீக்கிரம் போகலாம்" என்று அவர்களே சொல்வார்கள்.

வந்த எதிரியெல்லாம் சண்டைக்கு வந்தவன் இல்லை. ரியாக்‌ஷன் 2டி6: 2 விழுந்தால்தான் உடனே தாக்கும், அது 36க்கு ஒன்று. 3 முதல் 5 பகைமை, 6 முதல் 8 தயக்கம், 9 முதல் சுமுகம். தயக்கம் மட்டுமே 36க்கு 16. இந்த உருட்டலை விட்டுவிட்டு "பழைய விதியில் எல்லாரும் செத்துப்போகிறார்கள்" என்பது சரியல்ல.

சும்மாஉருட்டு

கோவேறு கழுதைக்குக் கணக்கு எழுதறதெல்லாம் விளையாட்டா ஆபீஸா?

லாந்தர்ஒன்று

பொழுதுபோக்கு என்றால் எல்லாருக்கும் ஒன்றா? கழுதை பிடிக்காதவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்துச் சொன்னால் உலகத்தையே மாற்றவேண்டும்.

நூற்றுக்குநூறு

ஓம், இவ்வளவு நேரமும் எல்லாரும் லெவலைப் பற்றியே கதைக்கிறியள். லெவலே இல்லாத விதி 1978 ரூன்குவெஸ்டில் இருந்தே இருக்குது. அதின்ரை பிள்ளை மாதிரித்தான் 1981 கால் ஆஃப் கத்துலுவும்.

திறமை வீதத்தில் இருக்கும். வெற்றியாப் பாவிச்சால் பக்கத்தில் ஒரு டிக். சாகசம் முடிய டிக் உள்ள ஒவ்வொன்றுக்கும் டி100 உருட்ட வேணும், இப்ப இருக்கிற வீதத்தை விடக் கூட விழுந்தால்தான் வளர்ச்சி. கத்துலு ஏழாம் பதிப்பில் வளர்ச்சி 1டி10. திறமை 40 எண்டால் வளர 60 வீத வாய்ப்பு, சராசரியா ஒரு டிக்குக்கு 3.3 புள்ளி. 80 எண்டால் 20 வீதம், 1.1 புள்ளி. மேலே போகப் போக விதியே பிரேக் போடும், டிஎம் ஒண்டும் செய்யத் தேவையில்லை. எச்பியும் கடைசி வரைக்கும் பெரிசாக் கூடாது. பத்து வருஷம் ஆடின ஆளுக்கும் பின்னாலிருந்து குத்தின கத்தி கத்திதான்.

பிழைக்கிற இடம் டிக் வேட்டை. பிளேயர் வாளால் ஒருக்கா வெட்டிப்போட்டு அடுத்த முறை ஈட்டி, பிறகு கோடரி எண்டு மாத்தி மாத்தி எடுப்பினம், எல்லாத்துக்கும் டிக் வேணுமெண்டு. மருந்து சுகம்: தோத்தால் ஏதும் இழப்பு வரும் எண்ட இடத்தில் உருட்டினதுக்கு மட்டும் டிக். அதோடை ஒரு சாகசத்துக்கு ஐந்து டிக்குக்குத்தான் வளர்ச்சி உருட்டல், எந்த ஐந்து எண்டு பிளேயரே தெரிவு செய்யட்டும்.

ஒரு எச்சரிக்கை. நீண்ட ஆட்டத்துக்கு கத்துலு வேண்டாம், ரூன்குவெஸ்டை எடுங்கோ. கத்துலுவில் சானிட்டி, அதாவது புத்தித் தெளிவு, கீழே போறதுதான் ஆட்டத்தின்ரை அச்சு. ஒரே ஆளைப் பத்து வருஷம் வைச்சிருக்க அது செய்யப்படேல்லை.

ஜம்ப்ஒன்

விண்வெளி விளையாட்டான டிராவலர் பேரை யாரும் எடுக்கவில்லையே. 1977, மார்க் மில்லர் எழுதியது, ஜிடிடபிள்யூ வெளியீடு. 2டி6 உருட்டி 8 அல்லது மேல். திறமை இல்லாமல் 42%, +1க்கு 58%, +2க்கு 72%. ஒரு புள்ளி கிடைப்பதே பெரிய விஷயம், அதனால் ஆளை வளர்க்கும் ஆசையில் ஆட்டம் ஓடாது. எது ஓட்டும்? கப்பல் கடன்.

கிளாசிக் விதியில் 200 டன் ஃப்ரீ டிரேடர், விலை 37.08 மில்லியன் கிரெடிட். மாதத் தவணை விலையில் 240இல் ஒரு பங்கு, 154,500. கட்டவேண்டியது 480 மாதம், நாற்பது வருடம். பத்து வருடக் கேம்பெய்ன் கேட்டவருக்கு நாற்பது வருடக் கடன் போதுமா?

மாதத்துக்கு இரண்டு ஜம்ப் (விண்மீனுக்கு விண்மீன் தாவும் பயணம்) என்று வைத்துக் கணக்கு. நான்கு பேர் சம்பளம் 15,000: பைலட் 6,000, இன்ஜினியர் 4,000, ஸ்டீவர்ட் 3,000, மெடிக் 2,000. பத்து அறைக்கு லைஃப் சப்போர்ட் பயணத்துக்கு 20,000, இரண்டுக்கு 40,000. எரிபொருள் ஜம்ப்புக்கு 20 டன், மின்னுலைக்கு நான்கு வாரத்துக்கு 10 டன், சுத்திகரித்தது டன்னுக்கு 500 என்றால் 25,000. வருடப் பராமரிப்பைப் பன்னிரண்டாகப் பிரித்தால் சுமார் 3,100. மொத்தம் 237,600 சொச்சம்.

வரவு, எல்லாம் நிரம்பினால்: சரக்கு 82 டன், டன்னுக்கு 1,000, இரண்டு முறை 164,000. ஹை பாசேஜ் (முதல் வகுப்பு) ஆறு பேர் தலைக்கு 10,000, இரண்டு முறை 120,000. லோ பெர்த் (உறைதூக்கப் படுக்கை) இருபது, தலைக்கு 1,000, இரண்டு முறை 40,000. மொத்தம் 324,000. ஆக நாலில் மூன்று பங்கு நிரம்பினால்தான் கடன் கட்டமுடியும். சின்ன ஊர்க் கோள்களில் அது நடக்காது. அங்கேதான் "ஒரு பெட்டி இருக்கிறது, உள்ளே என்ன என்று கேட்காமல் எடுத்துப்போனால்..." என்று ஒருவர் வருவார்.

இது உடையும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஊக வணிகத்தில் ஒரு நல்ல உருட்டல் வந்தால் மூன்று மாதத் தவணை ஒரே நாளில் வந்துவிடும், அதன்பின் பசி இருக்காது. டிஎம் அந்தப் பணத்தைப் பிடுங்கக்கூடாது, பெரிய கப்பல் வாங்க விடுங்கள், தவணையும் பெரிதாகும். இரண்டு, கணக்குப் புத்தகத்தை டிஎம் எழுதுவது. அது பிளேயர் வேலை. ஐந்து பேரில் ஒருவராவது விரிதாளை ஆசையாக நிரப்புகிறவர் இல்லையென்றால் டிராவலர் கடனை நீக்கிவிடுங்கள்.

பனிக்கட்டம்

மேலே உள்ள எல்லாமே ஒரே ஆளை எப்படி இழுத்துப் பிடிப்பது என்ற யோசனை. ஆளை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பிடித்தால் பாதிச் சிக்கல் இல்லை. கிரெக் ஸ்டாஃபோர்டின் பென்ட்ராகன் விளையாட்டு, 1985. ஆர்தர் அரசர் காலத்து நைட்டுகள். வருடத்துக்கு ஒரு சாகசம், பிறகு குளிர்காலக் கட்டம். அதன் பெரிய கேம்பெய்ன் 485இல் தொடங்கி சுமார் எண்பது வருடம். ஒரு செஷனுக்கு ஒரு வருடம் என்று போனால் 26 செஷன் கணக்கில் மூன்று வருடத்துக்குச் சற்று மேல். இரண்டு செஷனுக்கு ஒரு வருடம் என்றால் ஆறு.

நைட் 21 வயதில் தொடங்குகிறார், 35இலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் முதுமை உருட்டல். பதினாலு குளிர்காலம்தான் முழுப் பலம். 23இல் பிள்ளை பிறந்தால் பிள்ளை 21 ஆகும்போது அப்பாவுக்கு 44. 30 வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டால் வாரிசு வளர்வதற்குள் ஆள் காலி. எனவே முதல் ஐந்து செஷனுக்குள் பெண் பார்க்கும் படலம் வந்தாக வேண்டும். பிளேயருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எல்லாரும் போர்க்களத்திலேயே நிற்பார்கள். தம்பி, தங்கை, சித்தப்பா மகன் என்று பதில் ஆள் பட்டியலையும் ஷீட்டின் (பாத்திர விவரத் தாள்) பின்பக்கம் எழுதி வைக்கவேண்டும்.

குளிர்காலக் கட்டத்தில் அனுபவ உருட்டல், பண்ணை வருமானம், குதிரை பிழைத்ததா, குடும்பச் செய்தி, முதுமை, பயிற்சி எல்லாம் வரும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஐந்து பேருக்கு ஐம்பது நிமிடம், மூன்று மணி நேரத்தில் இது தாங்காது. செஷனுக்கு நடுவில், குழுவில் செய்தி வழியாக முடித்துவிட்டு, பிறப்பும் இறப்பும் மட்டும் மேஜையில் உருட்டுங்கள்.

இந்த வழக்கத்தை டி&டிக்குக் கடன் வாங்கலாம். சாகசத்துக்குச் சாகசம் மூன்று மாத இடைவெளி வைத்தாலே லெவல் வேகம் கதைக்குள் உறுத்தாது. இல்லையென்றால் ஆறு வாரத்தில் ஆட்டிடையன் அரசனாகிவிடுவான்.

நாட்குறிப்பு

காலக் கணக்கு என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். 1979 டிஎம் புத்தகத்தில், டி&டியை உருவாக்கியவர்களில் ஒருவரான கைகாக்ஸ் பெரிய எழுத்தில் அடித்துச் சொன்ன விஷயம் இது ஒன்று: கண்டிப்பான காலப் பதிவு இல்லாமல் கேம்பெய்னுக்குப் பொருளில்லை. அன்று பல குழு ஒரே உலகத்தில் ஆடின, அதனால் தேவைப்பட்டது. ஒரே குழு என்றாலும் பத்து வருடம் ஓட இது வேண்டும்.

நாட்காட்டி எளிதாக இருக்கட்டும். 12 மாதம், மாதத்துக்கு 30 நாள். பௌர்ணமி எப்போதும் 15ஆம் தேதி. கற்பனை வானியலில் ஆசைப்பட்டு மூன்று நிலா வைத்தவர்கள் எல்லாரும் நாலாவது மாதத்தில் நிலாவையே மறந்துவிடுகிறார்கள்.

செஷன் பதிவு அரைப் பக்கம் போதும்: செஷன் எண், உலகத் தொடக்க நாள், முடிவு நாள், இடம், சந்தித்தவர்கள், கொடுத்த வாக்கு, வாங்கிய கடன், பாதியில் விட்டது. கடைசி மூன்றும் உயிர். எட்டுப் பக்கம் கதைச் சுருக்கம் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள், மூன்று வருடம் கழித்து டிஎம்மே படிக்கமாட்டார்.

என்பிசிக்கு (டிஎம் ஆடும் ஊர்க்காரர்கள், மற்றவர்கள்) 3க்கு 5 அங்குல அட்டை, ஆளுக்கு ஒன்று. பெயர், என்ன வேண்டும், ஒரு அடையாளம், கடைசியாகப் பார்த்த உலக நாள். அகர வரிசையில் அடுக்காதீர்கள், ஊர் வாரியாக அடுக்குங்கள், குழு ஒரு ஊருக்குள் நுழையும்போது அந்தக் கட்டை எடுத்தால் போதும். தனியாக இருபது பெயர் எழுதிய தாள் ஒன்று, பயன்படுத்தியதை அடித்துவிட்டு ஊரை எழுதவும். பெயர் கேட்டதும் தடுமாறாமல் சொல்லிவிட்டால் எந்த என்பிசி முக்கியம் என்று பிளேயருக்குத் தெரியாது.

வெளியே நடக்கிறவற்றுக்குக் கடிகாரம். பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற விளையாட்டு இதைப் பிரபலமாக்கியது, எந்த விதியோடும் ஒட்டும். ஒரு வட்டம், 4, 6 அல்லது 8 துண்டு. "வடக்குப் படை கோட்டையை எடுக்கும்: 8." உலகத்தில் மாதம் ஒன்று போனால் ஒரு துண்டு. ஒரே நேரத்தில் நான்கைந்துக்கு மேல் ஓடவிட்டால் செஷனுக்கு முந்தைய நாள் வேலை கூடிவிடும்.

சும்மாஉருட்டு

அட்டை, டப்பா எதுக்கு? எல்லாத்துக்கும் சாஃப்ட்வேர் இருக்கு. தேடினா ரெண்டு செகண்ட்ல வரும்.

நாட்குறிப்பு

தேடலுக்கு அதுதான் மேல். வருடத்துக்கு ஒருமுறை சாதாரண உரைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் சண்டையில்லை. சேவை நின்றுபோனால் அதன் சொந்த வடிவத்தில் உள்ள கோப்பைத் திறக்க வழி இருக்காது. வரைபடத்தைப் படமாக, ஷீட்டைப் பிடிஎஃப் ஆக.

அங்குலக்கட்டம்

சாமான் பக்கம் சின்னதாக. வினைல் பேட்டில்மேட் (சண்டை வரையும் கட்ட விரிப்பு) வாங்கினால் தண்ணீரில் அழியும் மார்க்கர் மட்டும், வெள்ளைப் பலகை மார்க்கர் நிரந்தரக் கறை. தண்ணீரில் அழியும் வகையிலும் சிவப்பு பிடித்துக்கொள்ளும், அன்றிரவே துடையுங்கள். சுருட்டி வைக்கவேண்டும், மடித்தால் கோடு போகாது. ஷீட்டில் எச்பியை அழித்து அழித்து எழுதினால் ஆறு மாதத்தில் ஓட்டை, அதற்குத் தனித் துண்டுத் தாள். தயாரிப்புக்கு வரைபடத்தில் ஆறு மைல் ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்) வசதி, நாள் பயணம் 24 மைல் என்றால் நேராக நான்கு ஹெக்ஸ்.

மழைக்கோட்டை

நன்றி, எல்லாருக்கும். இப்போது நினைப்பது: ஐந்தாம் பதிப்பு, 8இல் மூடி, ஏழு நாள் நீண்ட ஓய்வு, மூன்று பேர் இருந்தால் ஆட்டம், சாகசத்துக்கு நடுவில் ஒரு பருவம். ஒரு கேள்வி பாக்கி. நாலாவது வருடத்தில் ஆள் செத்தால், அல்லது புது பிளேயர் வந்தால், எந்த லெவலில் தொடங்குவது?

கணக்கன்

எல்லாருக்கும் சம பங்கு எக்ஸ்பி என்றால் கீழே தொடங்கினாலும் சீக்கிரம் பிடித்துவிடலாம், அட்டவணை அப்படி. குழு 6இல் இருக்கிறது, 14,000. ஏழாவதுக்கு 23,000, நடுவில் 9,000. முதல் லெவலில் வந்தவர் அதே 9,000ஐ வாங்கினால் 6,500ஐத் தாண்டி 5இல் நிற்பார். குழு ஒரு லெவல் ஏறுவதற்குள் இவர் நாலு லெவல். பழைய பேசிக் விதியில் இன்னும் தெளிவு: 64,000இல் உள்ள ஏழாம் லெவல் ஃபைட்டர் 120,000 தொடும்போது புதியவர் 56,000 வாங்கியிருப்பார், ஆறாம் லெவல். அங்கே ஒரு சாகசத்தில் ஒரு லெவலுக்கு மேல் ஏறக்கூடாது என்ற விதியும் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

சிக்கல் எக்ஸ்பி அல்ல, எச்பி. ஆறாம் லெவல் குழு சந்திக்கும் எதிரியின் ஒரு அடியில் முதல் லெவல் ஆள் முடிந்துவிடுவார். ஆகவே 3இல் தொடங்குங்கள், 900 எக்ஸ்பி. பெரும்பாலான வகுப்புகளின் துணை வகுப்பு அப்போது வந்துவிடும், ஒரு சராசரி அடியையாவது தாங்கும்.

லாந்தர்ஒன்று

அதோடு செத்தவரின் கூலியாளைப் பிளேயரே எடுத்துக்கொள்ளலாம். ஊரும் பெயரும் ஏற்கெனவே அட்டையில் இருக்கிறது, "நீ யார், எங்கிருந்து வந்தாய்" என்ற அரை மணி நேரம் மிச்சம். ஆனால் மூடி போட்ட 8இல் குழு நின்றுவிட்ட பிறகு எக்ஸ்பி ஓட்டம் இருக்காது, அப்போது மேலே சொன்ன பிடிப்புக் கணக்கு வேலை செய்யாது. அந்த நிலையில் புதியவருக்கு மட்டும் செஷனுக்கு ஒரு லெவல், 6 வரை.